ஓடையும் ஆலயத் தீர்த்தமே
(நீரோடைகளைப் பேணுதல் பற்றிய ஓர் ஆய்வு நோக்கு)

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் ஒருங்கே அமையப்பெற்ற இடமே சிறந்த திருத்தலம் எனச் சைவ மரபு போற்றுகின்றது. மூர்த்தியின் அருட்சிறப்புப் பற்றியும் தலத்தின் வரலாறு பற்றியும் ஆலய மலர்களில் ஆண்டுதோறும் எழுதப்பட்டு வருகின்றது. மூன்றாவதாகிய தீர்த்தம் பற்றி எழுதப்படுவது மிகக் குறைவாகும். தீர்த்தோற்சவத் தினத்தன்று மட்டும் நினைக்கப்பட்டு, மறுநாள் மறக்கப்படுகின்ற ஒன்றாக அது மாறிவருகின்றது. திருவிழாவுக்கு முதல்நாள் தொண்டர்கள் இறங்கிப் பொலித்தீன் பைகளையும் போத்தல்களையும் வாரிக் கரையேற்றிய பின்னரே சுவாமி எழுந்தருளக்கூடிய நிலை பல தீர்த்தத் துறைகளில் காணப்படுகின்றது.

தீர்த்தம் என்பது ஆலயத்தின் கேணியோ கிணறோ மட்டுமன்று. அந்தக் கேணிக்கும் கிணற்றுக்கும் ஊறிவரும் நீர், ஊரின் ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் வயல்களிலும் தங்கிச் சுவறிய நீரேயாகும். ஓடை கெட்டால் கிணறு கெடும். கிணறு கெட்டால் அபிடேக நீரும் கெடும். எனவே ஊரின் ஓடையைப் பேணுதல் ஆலயத் திருப்பணியின் ஓர் அங்கம் என்பதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திருவள்ளுவர் பெருமான் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான் சிறப்பை வைத்தமையும் இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. இறைவனை வாழ்த்திய நா அடுத்ததாக நீரையே வாழ்த்தியது.

நீர் வரும் வழி

அட்டாளைச்சேனை, ஒலுவில், பாலமுனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய ஊர்கள் அடங்கிய கரையோரப் பிரதேசம் கிழக்கே கடலையும் மேற்கே பரந்த நெல்வயல்களையும் கொண்டது. களியோடை, கோணாவத்தை, தில்லையாறு என்பன இப்பிரதேச மக்களின் நாவில் என்றும் பயிலும் நீர்நிலைப் பெயர்களாகும். இவற்றைத் தவிர, தோணா என்று வழங்கப்படும் சிறு கடல்வாய் ஓடைகளும் பெயரில்லாத வடிச்சல் வாய்க்கால்களும் பலவுள்ளன.

இந்நீர் எங்கிருந்து வருகின்றது என்பதனை அறிந்தோர் இளந்தலைமுறையினரில் சிலரேயாவர். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் தோன்றும் பட்டிப்பளை ஆறு, கல்லோயா எனவும் கல்லாறு எனவும் பெயர் பெற்று, சுமார் 108 கிலோமீற்றர் தூரம் ஓடி, கல்முனைக்குத் தெற்கேயுள்ள இக்கரையோரத்தில் கடலை அடைகின்றது. 1949ஆம் ஆண்டில் இதன் குறுக்கே இங்கினியாகலை என்னுமிடத்தில் அணைக்கட்டும் வேலை தொடங்கப்பட்டது. அதன் பயனாக உருவான சேனாநாயக்க சமுத்திரம் சுமார் 770,000 ஏக்கர் அடி நீரைத் தேக்கவல்ல பெரிய நீர்த்தேக்கமாகும். அந்நீர்த்தேக்கத்தின் நீரேந்து காடுகளைக் காப்பதற்கென்றே 1954ஆம் ஆண்டில் கல்லோயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. காடு இல்லையேல் மழைநீருடன் மண்ணும் சேர்ந்து வந்து குளத்தைத் தூர்த்துவிடும் என்பதனை அன்றே உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

சமுத்திரத்தின் நீர் இடதுகரை, வலதுகரை, ஆற்றுப் பிரிவு என மூன்று பிரிவுகளாகப் பாய்ந்து வயல்களை வளப்படுத்துகின்றது. வயலில் நின்று வடிந்த நீர் வடிச்சல் வாய்க்காலை அடைகின்றது. வடிச்சல் வாய்க்கால் ஓடையில் விழுகின்றது. ஓடை களப்பையோ கடலையோ சென்று சேர்கின்றது. மேலே காட்டில் ஒருவர் மரத்தை வெட்டினாலும், நடுவே வயலில் ஒருவர் அளவுக்கு மிஞ்சிக் கிருமிநாசினி தெளித்தாலும், கீழே பாலத்தில் நின்று ஒருவர் குப்பைப் பையை வீசினாலும் எல்லாம் ஒரே நீரிலேதான் கலக்கின்றன. கரையோரத்தில் வாழும் மக்கள் அந்த நீரின் கடைமடை மக்களாவர். அவர்களுக்கும் கீழே கடைமடையில் இருப்போர் உண்டு. களப்பில் வலை வீசும் மீனவனும், நீர் குடிக்க இறங்கும் மாடும், பறவையும் அவர்களாவர்.

முன்னோர் கண்ட ஒழுங்கு

நீரை ஒழுங்காகப் பங்கிடுதலும் வாய்க்காலைப் பேணுதலும் இந்த மண்ணுக்குப் புதியன அல்ல. அட்டாளைச்சேனைப் பிரதேசத்தில் அமைந்துள்ள தீகவாபியின் பெயருக்குப் பாளி மொழியில் நீண்ட குளம் என்பது பொருள். அம்பாறை நகருக்கு அண்மையிலுள்ள கொண்டவட்டுவானில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, வேளாண்மை ஒழுங்குகளையும் அவற்றை மீறுவோருக்குரிய தண்டத்தையும் கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்பிரதேசத்தில் வேளாண்மைக்கென்று எழுதப்பட்ட சட்டம் இருந்தமைக்கு அது சான்றாகும்.

பிற்காலத்திலும் ஒவ்வொரு வட்டைக்கும் வட்டவிதானை ஒருவர் இருந்தார். எந்த நாளில் வாய்க்கால் வெட்டுவது, யார் எவ்வளவு தூரம் துப்புரவு செய்வது, யாருக்கு முதலில் நீர் விடுவது என்பனவற்றை அவர் கவனித்தார். தன் பங்கு வாய்க்காலை வெட்டாதவன் ஊரில் தலைகுனிந்து நடக்கவேண்டியிருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமாருக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. குத்தகைக் கமக்காரருக்குப் பாதுகாப்பளித்தமை அச்சட்டத்தின் நன்மையாகும். எனினும் வாய்க்காலைத் தன் பொறுப்பாகக் கருதிய பழைய வழக்கம் காலப்போக்கில் தளர்ந்து, அது அரசாங்கத்தின் வேலை என்னும் எண்ணம் வேரூன்றியது.

ஆலய வழிபாடும் நீரோடு பின்னிப் பிணைந்தே வளர்ந்தது. வைகாசித் திங்களில் காரைதீவு முதலாய ஊர்களின் கண்ணகை அம்மன் ஆலயங்களில் நடைபெறும் திருக்குளிர்த்தி, வெம்மை தணிந்து மழையும் விளைச்சலும் பெருக வேண்டி நிகழ்த்தப்படுவது. திருக்கோவில் ஸ்ரீ சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆயிரக்கணக்கான அடியார்களைக் கடற்கரைக்கு அழைத்து வருகின்றது. நீரின்றிக் குளிர்த்தியுமில்லை, தீர்த்தமுமில்லை.

கல்லோயா தந்த பாடம்

பொதுமக்கள் ஒன்றுகூடி நீரைப் பேணமுடியுமா என்னும் வினாவுக்கு விடைகாண அடியார்கள் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்திலேயே அதற்கு உலகம் அறிந்த உதாரணம் உண்டு.

1980ஆம் ஆண்டளவில் கல்லோயா இடதுகரைத் திட்டம் நாட்டின் மிகவும் சீர்குலைந்த நீர்ப்பாசனத் திட்டங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, கதவுகள் களவுபோய்க் கிடந்தன. தலைமடையிலிருந்தோர் தேவைக்கு மேல் நீர் பாய்ச்சினர். கடைமடையிலிருந்தோர் வானத்தைப் பார்த்திருந்தனர். தலைமடையிலிருந்தோரில் பெரும்பாலானோர் சிங்கள விவசாயிகளாகவும், கடைமடையிலிருந்தோரில் பலர் தமிழ்பேசும் விவசாயிகளாகவும் இருந்தமையால் நீர்ப் பிரச்சினை இனப் பிரச்சினையாகவும் மாறக்கூடிய அபாயம் இருந்தது.

இந்நிலையில் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு முயற்சியை மேற்கொண்டன. நீர்ப்பாசனத் திணைக்களம் வாய்க்கால்களைத் திருத்தும் வேலையைச் செய்ய, இவ்விரு நிறுவனங்களும் விவசாயிகளை ஒன்றுசேர்க்கும் வேலையை ஏற்றன. 1981ஆம் ஆண்டில் பயிற்சி பெற்ற இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்குச் சென்று, அங்கேயே தங்கினர்.

அவர்கள் சென்றவுடன் சங்கம் அமைக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு நடத்தவுமில்லை. முதலில் வீடு வீடாகச் சென்று விவசாயிகளின் குறைகளைக் கேட்டனர். வாய்க்கால் வழியே நடந்து, எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு, எந்த வயலுக்கு நீர் ஏறவில்லை என்பனவற்றைப் பார்த்துக் குறித்தனர். இதுவே அங்கு நடந்த ஆராய்ச்சி. அதன் பின்னர் ஒரே சிறு வாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து விவசாயிகளை ஓரிடத்தில் இருத்தி, தங்களால் உடனே செய்யக்கூடியது யாது என்று கேட்டனர்.

பல வருடங்களாக மண்வெட்டி படாதிருந்த வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவு செய்வது என்று விவசாயிகள் முடிவு செய்தனர். அடுத்ததாக முறை வைத்து நீர் பாய்ச்சினர். அதற்கும் அடுத்தபடியாகத் தமக்குப் போக மிஞ்சிய நீரைக் கடைமடைக்கு விட்டனர். வேலை நடந்த பின்னரே அமைப்பு உருவானது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பிரதிநிதி தெரிவு செய்யப்பட்டார். வாக்கெடுப்பு நடத்தினால் கட்சி புகுந்துவிடும் என்பதனால் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொள்பவரையே பிரதிநிதியாக்கினர். கட்சி அரசியலைக் கூட்டத்துக்கு வெளியே வைத்தனர்.

மேட்டில் வாழ்ந்த சிங்கள விவசாயிகள் நீரை மிச்சப்படுத்திப் பள்ளத்தில் வாழ்ந்த தமிழ்பேசும் விவசாயிகளுக்கு விட்டமையே இம்முயற்சியின் உச்சமாகும். நாட்டில் இனக்கசப்பு முற்றியிருந்த அந்த ஆண்டுகளில் இது நடந்தது. இதனை நேரிற் கண்டு ஆராய்ந்த கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்மன் அப்ஹோவ், 1992ஆம் ஆண்டில் கல்லோயாவிலிருந்து கற்றவை பற்றி ஒரு நூலையே எழுதினார். இந்த அனுபவத்தின் பின்னர், பங்கேற்பு முறையில் நீர்ப்பாசன முகாமைத்துவம் செய்வது 1988ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் கொள்கையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியது.

அமைப்பாளர்கள் வெளியேறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர் ஒரு சோதனை வந்தது. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தின்போது, நெற்செய்கைக்குப் போதிய நீர் நீர்த்தேக்கத்தில் இல்லை என விவசாயிகளுக்கு அறிவிக்கப்பட்டது. அவர்கள் தங்கள் அமைப்புகளின் மூலம் கூடிப் பேசி, உள்ள நீரை எல்லோருக்கும் பங்கிட்டு, சுமார் 65,000 ஏக்கரில் வழமையைவிட நல்ல விளைச்சலைப் பெற்றனர். அவ்வாண்டும் இரு சமூகத்தாரும் நீரைச் சமமாகப் பகிர்ந்துகொண்டனர். நீர்த்தேக்கத்தின் நீர் கூடவில்லை. வீண்போகும் நீரே குறைந்தது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் மூன்றாகும். முதலாவது, பார்த்து அளந்து அறிந்த பின்னரே செயலில் இறங்க வேண்டும். இரண்டாவது, அறிந்ததை எல்லோரும் கூடியிருந்து கற்க வேண்டும். மூன்றாவது, தனக்குக் கீழே இருப்பவனை நினைந்து நீரைக் கையாள வேண்டும். ஆராய்ச்சி, கல்வி, கூட்டுப் பொறுப்பு என்று இன்று பேசப்படுவன இவையே.

இன்று ஓடைக்கு நேர்ந்துள்ள கேடு

வாய்க்காலுக்குப் பொருந்திய இப்பாடம் ஓடைக்கும் பொருந்தும். வாய்க்கால் அடைபட்டால் வயலுக்குடையவன் உடனே அறிவான். ஓடை அடைபட்டால் வெள்ளம் வரும்வரை எவரும் அறிவதில்லை. அதுவே ஓடையின் துரதிர்ஷ்டம்.

கிழக்குக் கரையோரத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் சில வாரங்களுக்குள்ளேயே பெய்துவிடுகின்றது. கோடையில் கடலலை மணலைக் கொண்டுவந்து ஓடையின் வாயை மூடிவிடும். மாரியில் ஆற்றுவாய் தானே உடைத்துக்கொள்ளும், அல்லது மக்கள் கூடி வெட்டிவிடுவர். இவ்வாறு ஓடையானது கோடையில் நீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊற்றாகவும், மாரியில் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வழியாகவும் இரட்டைத் தொண்டு செய்கின்றது. ஓரத்தை நிரப்பி மதில் கட்டினாலும், குறுக்கே சிறிய குழாயை மட்டும் வைத்துப் பாதை போட்டாலும் அந்த இரு தொண்டுகளும் கெடும். 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தையே மூழ்கடித்த பெருவெள்ளம் முதியோர் முதல் இளையோர் வரை எல்லோரது நினைவிலும் உள்ளது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளத்தில் மத்ரஸா மாணவர்கள் பயணித்த உழவு இயந்திரம் அள்ளுண்டு, இளஞ்சிறார்களின் உயிர்கள் பறிபோயின. அந்தத் துயரில் எல்லாச் சமூகத்தாரும் கண்ணீர் வடித்தனர். பெருமழையை எவராலும் தடுக்க இயலாது. மழைநீர் வடிந்தோடும் வழியைத் திறந்து வைத்திருப்பது மட்டுமே மனிதர் கையில் உள்ளது.

அடுத்த கேடு களைச்செடிகள். அழகுச் செடியாக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த ஆற்றுவாழை, 1909ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்றவேண்டிய அளவுக்குப் பரவிவிட்டது. 1939இல் வந்துசேர்ந்த சல்வீனியாவும் அவ்வாறே பரவியது. அதனை உண்ணும் ஒருவகைச் சிறு வண்டு 1986ஆம் ஆண்டில் கொண்டுவந்து விடப்பட்ட பின்னரே பல இடங்களில் அது கட்டுப்பட்டது. வயல்களிலிருந்து வடியும் மிகையான பசளையும் வீடுகளின் கழிவுநீரும் இக்களைகளுக்கு உணவாகின்றன. ஆற்றுவாழையை வாரி எறிந்தால் மட்டும் போதாது. அதற்கு உணவூட்டுவதை நிறுத்தினாலன்றி அது மீண்டும் முளைக்கும்.

மூன்றாவது கேடு குப்பை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டிலுள்ள குப்பை மேட்டில் உணவு தேடிவந்த யானைகள் பிளாஸ்டிக்கை உண்டு இறந்த செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் வெளியானது. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கு அவ்வாறு இறந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனைமுகப் பெருமானுக்கு அறுகம்புல் சாத்தி வழிபடும் அடியார்கள், அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றைப் பொலித்தீன் பையில் முடிந்து வீசும்போது அது யாருடைய வயிற்றைச் சென்றடையும் என்பதனை ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

ஓடையை அறியும் எளிய ஆய்வு

ஆராய்ச்சி என்றவுடன் ஆய்வுகூடமும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும் என எண்ணுதல் தவறு. அறநெறிப் பாடசாலை மாணவர்களும் இளைஞர் மன்றத்தினரும் செய்யக்கூடிய எளிய ஆய்வுகள் சில கீழே தரப்படுகின்றன. முதலை உலாவும் நீர்நிலைகள் இப்பிரதேசத்தில் உள்ளமையால், பெரியோர் துணையின்றிச் சிறுவர் எவரும் நீரில் இறங்கலாகாது.

முதலாவது, நீர்மட்டம் அறிதல். பாலத்தின் தூணில் அடி, அங்குலம் குறித்து அடையாளமிட்டு, வாரம் ஒருமுறையும் மழைக்காலத்தில் நாள்தோறும் நீர்மட்டத்தைக் கொப்பியில் எழுதி வரவேண்டும். இரண்டு மூன்று மாரிகள் கழிந்தால், எவ்வளவு மழைக்கு எவ்வளவு நீர் ஏறும், எத்தனை நாளில் வடியும் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். முன்பு இரண்டு நாளில் வடிந்த நீர் இப்போது நான்கு நாள் நிற்குமாயின், எங்கோ அடைப்பு உண்டு என்பது பொருள்.

இரண்டாவது, போத்தல் ஆய்வு. தெளிவான போத்தலில் ஓடை நீரை நிரப்பி, ஓரிரவு அசையாமல் வைத்தால் அடியில் மண் படியும். மாதந்தோறும் ஒரே இடத்தில் எடுத்த நீரை ஒப்பிட்டால், மண்ணரிப்புக் கூடுகின்றதா குறைகின்றதா என்பதனைக் கண்ணாலேயே காணலாம். நீரின் நிறத்தையும் மணத்தையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, உயிரினங்களைக் காணல். ஓடையின் ஓரப் புல்லையும் சேற்றையும் ஓர் அரிதட்டில் அள்ளி, வெள்ளை நிறப் பேசினில் நீர்விட்டுப் பார்த்தால் சிறு உயிர்கள் நெளிவது தெரியும். தும்பியின் இளம் பருவம், சிறு இறால், பலவகை மீன்குஞ்சு ஆகியன கலந்து காணப்பட்டால் நீரில் ஒட்சிசன் போதியளவு உண்டு எனக் கொள்ளலாம். செந்நிறப் புழுக்கள் மட்டும் மிகுந்து காணப்பட்டால் நீர் நோயுற்றுள்ளது என்று பொருள். மனிதரின் இரத்தத்திலுள்ளது போன்ற செந்நிறப் பொருள் அப்புழுக்களின் உடலிலும் இருப்பதனால், ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அவை வாழவல்லன. மற்றைய உயிர்கள் அங்கு வாழ இயலாது.

நீரில் எறியப்படும் சோறும் பூவும் இலையும் அழுகும்போது, அவற்றை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொள்கின்றன. மீன் இறந்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மீன் இல்லாத நீரில் நுளம்புக் குடம்பிகள் தடையின்றிப் பெருகும். டெங்கு நுளம்பு அழுக்கான ஓடையைவிடத் தெளிந்த நீர் தேங்கும் தயிர்ச் சட்டி, சிரட்டை, யோகட் கோப்பை முதலியவற்றையே விரும்பும். ஓடைக்கரையில் வீசப்படும் கோப்பை இவ்விதத்திலும் நோய்க்கு வித்திடுகின்றது.

இவ்வாறு எழுதிவைக்கும் கொப்பி ஒன்றிருந்தால், பிரதேச செயலகத்துக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ பிரதேச சபைக்கோ மனுக் கொடுக்கும்போது அது பெரும் துணையாகும். ஓடை அடைபட்டுள்ளது என்று வெறுமனே எழுதும் மனுவுக்கும், இன்ன திகதியில் இன்ன பாலத்தடியில் நீர்மட்டம் இவ்வளவு என்று எழுதும் மனுவுக்கும் வேறுபாடு உண்டு. திகதியும் அளவும் உள்ள கடிதத்தை ஒதுக்கிவைத்தல் எந்த அலுவலகத்துக்கும் எளிதன்று. மேலதிக ஆய்வுக்கு ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனையை நாடலாம். ஆசிரியர்களை உருவாக்கும் கல்விக் கல்லூரி அட்டாளைச்சேனையிலேயே இருப்பதும் இப்பிரதேசத்துக்குக் கிடைத்த பேறாகும்.

ஆலயம் செய்யக்கூடியவை

சமயத் தலமொன்று முன்னின்றால் நதியே மீளும் என்பதற்கு இந்தியாவின் பஞ்சாப் மாநிலம் சான்று பகர்கின்றது. அங்கு ஓடும் காளி பெயின் என்னும் ஆறு சுமார் 160 கிலோமீற்றர் நீளமானது. சீக்கிய சமயத்தின் முதற்குருவாகிய குருநானக் ஞானம் பெற்ற தலமான சுல்தான்பூர் லோதி அதன் கரையிலேயே உள்ளது. நகரங்களின் கழிவுநீர் விழுந்தும் ஆற்றுவாழை மூடியும் அந்த ஆறு சாக்கடையாகிப் போயிருந்தது. 2000ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் சீக்கியத் துறவி தாமே நீரில் இறங்கிக் களை அகற்றத் தொடங்கினார். அவரைக் கண்டு கிராம மக்கள் இறங்கினர். சமயத் தொண்டாகவே பல ஆண்டுகள் அந்தப் பணி நடைபெற்றது. கழிவுநீர் ஆற்றில் விழாதபடி வேறு வழி காணப்பட்டது. கரைகளில் மரங்கள் நடப்பட்டன. 2006ஆம் ஆண்டில் அப்போதைய இந்திய ஜனாதிபதி அப்துல் கலாம் அவ்விடத்துக்குச் சென்று அப்பணியைப் பாராட்டினார். 2017ஆம் ஆண்டில் அத்துறவிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குரு மூழ்கி எழுந்த நீரைச் சாக்கடையாக விடுவது குருவுக்குச் செய்யும் அவமதிப்பு என்னும் ஓர் உணர்வே அத்தனை கரங்களையும் ஒன்றுசேர்த்தது.

அத்தகைய உணர்வு சைவ அடியார்களிடமும் குறைவில்லை. அதனைச் செயலாக்கும் வழிகள் சில வருமாறு:

1. நிர்மாலியப் பூக்களையும் மாலைகளையும் ஓடையிலோ கடலிலோ கொட்டாது, ஆலய வளவின் ஒரு மூலையில் குழிவெட்டி இட்டுச் சேதனப் பசளையாக்கலாம். அப்பசளையில் வளரும் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் மீண்டும் சுவாமிக்கே மலராகும்.

2. பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 செப்டெம்பர் முதலும், பிளாஸ்டிக் மாலைகள், கோப்பைகள், தட்டுகள், கரண்டிகள் முதலியன 2023 ஒக்டோபர் முதலும் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளன. அன்னதானத்துக்கு வாழையிலை அல்லது தாமரை இலையும், தாகசாந்திக்குக் கழுவிப் பாவிக்கும் எவர்சில்வர்க் கோப்பையும் பயன்படுத்தலாம்.

3. கிழிந்த சுவாமி படங்கள், பழைய பட்டுகள், கற்பூரப் பெட்டிகள் என்பனவற்றை ஆற்றில் விடுதல் புண்ணியம் என்று சிலர் எண்ணுகின்றனர். அவற்றை ஆலயத்தில் ஒப்படைத்தால் உரிய முறையில் அகற்ற வழிசெய்யலாம்.

4. தீர்த்தோற்சவத்துக்கு முதல்நாள் மட்டுமன்றி, மாரி தொடங்குமுன் புரட்டாதி மாதத்திலும் ஓடைச் சிரமதானம் ஒன்றை ஆலய நாட்காட்டியில் சேர்க்கலாம். வெள்ளம் வந்த பின் வெட்டுவதிலும் வருமுன் வெட்டுவதே அறிவுடைமை.

5. ஓடையின் இருமருங்கிலும் உள்ள ஒதுக்குக் காணியை எவரும் நிரப்பாது காக்கவும், அங்கு தில்லை, கிண்ணை முதலிய கண்டல் மரங்களையும் மருதையும் நட்டு வளர்க்கவும் வேண்டும். வேர் இறங்கிய கரையை வெள்ளம் எளிதில் அரிப்பதில்லை. தில்லையம்பலத்துக்கே பெயர் தந்த மரம் இப்பிரதேசத்து உவர்நீரோரங்களில் தானே வளர்வது அடியார்கள் மகிழத்தக்க செய்தியாகும்.

6. அறநெறிப் பாடசாலையில் மாதம் ஒரு வகுப்பை ஓடைக்கரையில் நடத்தலாம். ஊரின் ஓடைகளையும் மதகுகளையும் பழைய நீர்வழிகளையும் முதியோரிடம் கேட்டு மாணவர்கள் ஒரு வரைபடம் தயாரித்தால், அது பிற்காலத்துக்கு ஓர் ஆவணமாகும். எந்த வளவு முன்பு நீர்வழியாக இருந்தது என்பதனை அறிந்த முதியோர் இன்னும் சிலரே எஞ்சியுள்ளனர்.

ஒரே நீர், பல துறைகள்

ஓடைக்குச் சாதியுமில்லை, சமயமுமில்லை. அட்டாளைச்சேனையின் பள்ளிவாசலில் வுழூச் செய்யும் நீரும், ஆலையடிவேம்பின் ஆலயத்தில் அபிடேகமாகும் நீரும், தீகவாபியில் பூசைக்கு எடுக்கும் நீரும் ஒரே நிலத்தடியில் ஊறிய நீரேயாகும். ஆதலால் ஓடையை ஓர் ஆலயம் தனித்துக் காக்க முடியாது. ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், பாடசாலைகள் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவரைக் கொண்ட சிறு குழு போதுமானது. கல்லோயா விவசாயிகள் செய்ததுபோல, வாக்கெடுப்பின்றி ஒருமனதாகத் தெரிவு செய்து, கட்சிப் பேச்சுக்கு இடங்கொடாது, முதலில் ஒரு பாலத்தடியை அல்லது ஒரு வாய்க்காலைத் துப்புரவு செய்து காட்டினால் மற்றவை தாமே தொடரும். கூட்டம் கூடி அறிக்கை எழுதுவதற்கு முன், மண்வெட்டியுடன் ஒரு நாள் கூடுதல் நன்று.

மேட்டிலிருந்த விவசாயி தன் முகமறியாத கடைமடை விவசாயிக்காக ஒரு மடையைத் திறந்துவிட்டான். அவ்வாறு வந்த நீரில் விளைந்த நெல்லும் பொங்கலாகிச் சந்நிதியில் படைக்கப்பட்டிருக்கும். மேலே இருந்து ஒருவன் விட்ட நீருக்கு நன்றி செலுத்தும் வழி, கீழே இருப்பவனுக்கு அதனைக் கெடாது விடுவதேயாகும். கைகூப்பித் தீர்த்தத்தை ஏற்கும் அடியார் ஒவ்வொருவரும், அந்த நீர் கடந்து வந்த காட்டையும் குளத்தையும் வயலையும் ஓடையையும் அக்கணத்தில் நினைப்பாராயின், அந்நினைவே வழிபாடாகிவிடும்.

மாரி பொய்யாது பெய்யவும், ஓடைகள் தெளிந்து ஓடவும், வயல்கள் செழிக்கவும், எல்லாச் சமூகத்தாரும் ஒற்றுமையுடன் வாழவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக.

மேன்மைகொள் வாழ்வு யாவர்க்கும் ஆகுக. சுபம்.